சாவேத்ரா கை

என் பேரன் சாமுவேல் இப்படிப் பிறந்ததற்கு அவன் தகப்பனின் ரத்தம்தான் காரணம் என்று எட்டு வருடங்களாக நான் சொல்லிவந்தேன். மறைவாகச் சொல்லவில்லை. தேவாலயப் படிகளில் சொன்னேன், முடிதிருத்தும் கடையில் சொன்னேன், என் மகள் மரியேலாவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன். பியேத்ரா ஓந்தா ஊரில் முப்பத்தொரு வருடங்கள் நான் நோட்டரி. நிலம் வாங்கியவர்கள், விற்றவர்கள், உயில் எழுதியவர்கள் எல்லோரும் என் கையெழுத்தை நம்பி வாழ்ந்தவர்கள். அதனால் இதையும் நம்பினார்கள்.

மருமகன் யேய்சன் ஆற்றங்கரைப் பேட்டைக்காரன். அவன் தாய் எர்மின்தா படித்துறையில் மீன் பொரித்து விற்பவள். அவனுக்கு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் வேலை. குடிக்க மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான். மரியேலா பிடிவாதமாக நின்றதால் திருமணத்துக்கு ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டேன் என்பதை அவன் மறந்துவிடாதபடியும் பார்த்துக்கொண்டேன்.

சாமுவேலுக்கு மூன்று வயதாகியும் தானாக ஒரு வார்த்தை வரவில்லை. வந்தபோது, அடுத்தவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னான். மிக்ஸி ஓடினால் மேஜைக்கு அடியில் புகுந்து தன் கையைத் தானே கடித்துக்கொள்வான். பால்மீரா நகரத்தில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக்கொடுத்தார். காரணம் என்ன என்று நான் கேட்டேன்.

"காரணம் தெரிஞ்சா நான் ஏன் தோன் லிசாந்த்ரோ இந்த மின்விசிறிக்குக் கீழ உட்காந்திருக்கேன்?" என்றார் அவர்.

அவருக்குத்தான் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கூடத்துச் சுவரில் ஏழு தலைமுறையின் வம்ச மரம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதில் இப்படி ஒருவர்கூட இல்லை.

சாமுவேலுக்கு நான்கு வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பதாக மரியேலா சொன்னாள். நான் யேய்சனைப் பார்த்துச் சொன்னேன்: "உன் வீட்டு ரத்தத்தை இன்னொரு தடவ என் வீட்டுக்குள்ள கொண்டுவராதே. ஒண்ணு போதும்." அவன் கரண்டியைக் கீழே வைத்தான். இரண்டு மாதம் கழித்துச் சிலி நாட்டுச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். பிறகு வரவேயில்லை. வெட்கம் உள்ளவன், போய்விட்டான் என்று ஊரில் சொன்னேன்.

சென்ற வருடம் டாக்டர் ஓஸ்பினா என்ற பெண்மணி தன் குழுவோடு வந்தார். நான்காயிரம் பேர் உள்ள இந்த ஊரில் ஒரே மாதிரி பதின்மூன்று பையன்கள் இருக்கிறார்கள், ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும், குடும்பம் குடும்பமாக ரத்தம் வேண்டும் என்றார். தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் வியாழக்கிழமைதோறும் தாய்மார்கள் கூடினார்கள். மரியேலாதான் அவர்களைக் கூட்டியவள்.

ஒரு நாள் காலை, என் கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, இந்த வியாழக்கிழமை நீங்களும் வரணும். ரத்தம் குடுக்கணும்."

"எதுக்கு?"

"பழைய குடும்பத்துல ஒருத்தர் குடுத்தாத்தான் மத்த பெரியவங்க கைய நீட்டுவாங்க. நானும் சாமுவேலும் உங்களோட சேந்து குடுக்கலாம்னு காத்திருக்கோம்."

"என் ரத்தத்துல பாக்க என்ன இருக்கு?"

"அதத்தானே பாக்கப்போறாங்க."

"கிண்டலா?"

"இல்லப்பா. எட்டு வருஷமா யேய்சன் ரத்தம், யேய்சன் ரத்தம்னு ஒரே பேச்சு. நெஜம்னா நெஜம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுக்கட்டும். நான் வாய மூடிக்கிறேன். இல்லன்னா..."

"இல்லன்னா?"

"இல்லன்னா அவர நான் கூப்பிடுவேன். திரும்பி வாங்கன்னு."

எனக்குச் சந்தேகம் ஒரு துளியும் இருக்கவில்லை. பயமும் இல்லை. ஆனால் சாவேத்ரா பெயரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஒட்டி, ஆற்றங்கரைக்காரர்களின் குழாய்களோடு ஒரே தட்டில் அடுக்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. என் தந்தை வழி பெஹரானோ, சாதாரணக் குடும்பம். தாய் வழிதான் சாவேத்ரா; எங்கள் வழக்கப்படி இரண்டு பெயரும் எனக்கு உண்டு. இந்த ஊருக்கு முதல் ஆலையும் முதல் பள்ளியும் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பெயர் என்னோடு முடிகிறது. முடியும்வரை அது சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஆகவே அந்த ஆராய்ச்சியை நிறுத்துவது என்று முடிவு செய்தேன். அதற்கு லிசெத் கிடைத்தாள்.

லிசெத் பால்மீராக்காரி, இருபத்தேழு வயது. ஆட்டிசத்தோடு பிறந்து வளர்ந்தவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவுக்கு அவள் செயலாளர். எங்கள் ஊரில் ரத்தம் எடுப்பதைக் கண்டித்து இணையத்தில் ஒரு கடிதம் வெளியிட்டிருந்தாள். நான் தொலைபேசியில் அழைத்தேன். பேருந்தில் வந்தாள். கழுத்தில் காதுக்கவசம் தொங்கியது. நான் நீட்டிய கையை அவள் தொடவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. என் வீட்டில் இன்னொருவர் அப்படி நடந்திருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன்.

"அந்த விசிறி கிரீச்சுன்னு கத்துது. நிறுத்துங்க, அப்பதான் பேச முடியும்" என்றாள்.

நிறுத்தினேன். வியர்வையில் நனைந்தபடி அவள் பேச்சைக் கேட்டேன்.

"காரணத்தத் தேட ஆயிரம் பேர் இருக்காங்க. ஒரு பேருந்துல ஏறி எறங்க எனக்கு என்ன கஷ்டம்னு கேக்க ஒருத்தர் இல்ல. வேலை தர ஒருத்தர் இல்ல. சரி, காரணம் கெடச்சுது. அப்புறம் என்ன செய்வாங்க? எங்கள மாதிரி இன்னொருத்தர் பொறக்காமப் பாத்துக்குவாங்க. அதுதானே? பன்னண்டு வருஷமா ஒவ்வொரு கூட்டமாப் போய்க் கேக்குறேன். எங்கள ஒழிக்கிறதுக்கு எங்க ரத்தமே வேணுமான்னு."

"அருமையாச் சொன்னே."

"அருமையெல்லாம் இல்ல. நீங்க ஏன் இதுல வரீங்க? உங்க வயசுக்காரங்க யாரும் எங்க பக்கம் வந்ததில்ல."

"என் பேரனுக்காக" என்றேன்.

அவள் நம்பினாள். நான் சொல்வதை நம்புவது இந்த வட்டாரத்தில் பழகிப்போன ஒன்று.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கரும்பு எரித்த சாம்பல் ஜன்னல் வழியே வந்து வெள்ளை மேஜைத்துணிமேல் விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் பேச எழுவதற்கு முன்பே தாய்மார்கள் தொடங்கிவிட்டார்கள்.

"என்ன பெரிய ஆராய்ச்சி? கரும்புக்கு மருந்து தெளிக்கிற விமானம் எங்க ஓட்டுமேலதான் திரும்புது. என் பையன் வயித்துல இருந்தப்பவும் அப்படித்தான். அவ்வளவுதான்" என்றாள் மிர்யாம்.

"அப்ப உன் மூத்தவ மட்டும் எப்படி கணக்குல முதல் மார்க் வாங்குறா? விமானம் அவளப் பாத்து ஒதுங்கிப்போச்சா?" என்றாள் ரொசால்பா.

"நீ பேசாதே. அந்தப் பாதிரி வித்த வெளுப்புத்தண்ணிய உன் பையனுக்குச் சொட்டுச் சொட்டா ஊத்தினவ நீ."

"கிருமி வெளிய வரும்னு சொன்னாங்க..."

"வந்துச்சா?"

"கொடல்தான் வந்துச்சு" என்றாள் ரொசால்பா. சிலர் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்தவர்களில் இரண்டு பேராவது அதே தண்ணீரை வாங்கியவர்கள் என்று எனக்குத் தெரியும்.

லிசெத் எழுந்து தன் கடிதத்தைப் படித்தாள். தரையைப் பார்த்தபடி, ஒரே தொனியில். முடித்ததும் மிர்யாம் அவளைக் கேட்டாள்:

"ஏம்மா, நீ பேசுற. பேருந்து ஏறி வர. என் பையன் பதினாறு வயசுல இன்னும் துணி நனைக்கிறான். நீயும் அவனும் ஒண்ணுன்னு எப்படிச் சொல்ற?"

"ஒண்ணுன்னு சொல்லல. ஆனா உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல நிக்கிறவ நான். அவனால சொல்ல முடியாதத கொஞ்சம் நான் சொல்லலாம். நீங்களும் கொஞ்சம் சொல்லலாம். டாக்டர் மட்டும் சொல்லக் கூடாது."

"நான் செத்ததுக்கப்புறம் அவன யாரு பாத்துக்குவான்னு அந்தக் கடுதாசில இருக்கா?"

லிசெத் கையிலிருந்த கடிதத்தை மறுபடி பார்த்தாள். "இல்ல. இருக்கணும்" என்றாள்.

பிறகு நான் பேசினேன். நோட்டரியாகப் பேசிப் பழகிய குரல். "இந்தப் பிள்ளைகள் நோய் அல்ல. இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தோண்டுவது இவர்களை அவமானப்படுத்துவது. என் பேரனின் ரத்தம் அவனுடையது" என்றேன். லிசெத்தின் வார்த்தைகளையே எடுத்துச் சொன்னேன். அவள் சொன்னபோது முணுமுணுத்தவர்கள் நான் சொன்னபோது கை தட்டினார்கள். மரியேலா மட்டும் தட்டவில்லை. சாமுவேலை மடியோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது என்று அறிவித்து மேஜைக்குப் போனேன். பேனாவை எடுத்தேன். என் வலது கை நடுங்கியது. ஆறு வருடங்களாக நடுங்குகிறது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுதினேன். எதிரே நின்ற டாக்டர் ஓஸ்பினா அதைப் பார்த்தார்.

"தோன் லிசாந்த்ரோ, இந்த நடுக்கம் எப்பலேர்ந்து?" அவர் குரலில் வாதம் இல்லை. மருத்துவர் கேட்கும் கேள்விதான்.

அங்கே நான் செய்த தவறு இது: பெருமைப்பட்டேன்.

"இது சாவேத்ரா கை, டாக்டர்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அதிகப் பத்திரங்கள்ல கையெழுத்துப் போட்ட கைக்கு வர்றது. என் தாயாரோட தகப்பனாருக்கு இருந்துச்சு. அவர் தம்பிக்கும் இருந்துச்சு. எங்க வீட்டுல இது வந்தாத்தான் ஒருத்தர் பெரிய மனுஷர்னு சொல்வாங்க."

"நடையில தடுமாற்றம் இருந்துச்சா அவங்களுக்கு?"

"கடைசி வருஷங்கள்ல தாத்தா வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி வச்சிருந்தார்."

"உங்க அம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்க?"

"ஒரு அக்கா. தோன்யா க்லெமென்சியா."

"அவங்களுக்குப் பிள்ளைங்க?"

"இல்லை" என்றேன். வம்ச மரத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எர்மின்தா. மீன் வாடையோடு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு பசங்க, டாக்டரம்மா. கொன்சாலோ, எவேலியோ. ஆலையோட பின்கட்டு அறையில வச்சிருந்தாங்க. எங்க அம்மாதான் அவங்களுக்குச் சோறு ஊட்டினா. நீளமான காது, கையக் கடிச்சுக்குவாங்க, நாம சொன்னதையே திரும்பச் சொல்லுவாங்க. எங்க அம்மா சொல்லிச் சொல்லி எனக்குப் பாத்தமாதிரியே இருக்கும்."

"அது காய்ச்சல்!" என்றேன். "சின்ன வயசுல மூளைக்காய்ச்சல்!"

"எந்தக் காய்ச்சலும் இல்ல, தோன் லிசாந்த்ரோ. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். காய்ச்சல்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னோம். உங்க வீட்டுச் சோறு தின்னோமில்ல."

எனக்கு ஆறு வயதிருக்கும்போது அந்தப் பின்கட்டுக் கதவின் இடுக்கில் ஒரு முகத்தைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்து, "லிசாந்த்ரோ, உள்ளே வா" என்றது. என் தாய் என்னைத் தேடும்போது சொல்லும் அதே வார்த்தைகள், அதே குரல். அதை நான் மறக்கவில்லை. அறுபத்தைந்து வருடங்களாக அதை நினைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லலாமா என்று கேட்டார். எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள் என்றேன். ஓடி ஒளிபவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

"ஆட்டிசத்துக்குப் பல காரணம் இருக்கலாம். பலதுக்கு எங்களுக்கே இன்னும் பதில் தெரியாது. ஆனா இந்த ஊர்ல நாங்க சந்தேகப்படுறது ஒரு மரபணுக் குறை. ஒரு ஆள் அதச் சுமக்கலாம். படிப்பார், உத்தியோகம் பாப்பார், ஒண்ணும் தெரியாது. வயசானதும் சிலருக்குக் கை நடுங்கும், நடை தள்ளாடும். அவர்கிட்டேர்ந்து மகனுக்குப் போகாது. மகளுக்குக் கட்டாயம் போகும். அந்த மகள் பெத்த பையன்கிட்ட முழுசா வெளிப்படலாம்." அவர் மறுபடி என் கையைப் பார்த்தார். "ரத்தம் பாக்காம நான் எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா இது அதுவா இருந்தா, ஒரு அப்பா தன் மகனுக்கு இதக் குடுத்திருக்க வழியே இல்ல."

மண்டபத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எர்மின்தாவைப் பார்த்தார்கள். அவள் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

சட்டைக்கையை மடித்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ரத்தம் எடுத்தார்கள். பிறகு மரியேலாவுக்கு. பிறகு சாமுவேலுக்கு, அவனை மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. லிசெத் தன் கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்து, என் கையெழுத்து இருந்த அடிப்பகுதியை மட்டும் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

"நாங்க நெஜமாவே நம்புறத நீங்க ஒளிஞ்சுக்க எடுத்துக்கிட்டீங்க. இனி இந்த ஊர்ல நான் அத எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். பேருந்து நிறுத்தத்துக்குத் தனியாக நடந்து போனாள்.

ஆறு வாரம் கழித்துத் தாள் வந்தது. என்னிடமிருந்து மரியேலாவுக்கு, மரியேலாவிடமிருந்து சாமுவேலுக்கு. ஒரு சொத்து மூன்று பத்திரங்களில் கைமாறியதுபோல அத்தனை தெளிவாக இருந்தது. மரியேலா அழவில்லை. படித்து முடித்து மடித்து வைத்துவிட்டு அலைபேசியை எடுத்தாள்.

"குடு. நான் பேசுறேன். சொன்னவன் நான்" என்றேன்.

திரையில் யேய்சன் வந்தான். தலைக்கவசம், முகமெல்லாம் மண். காதோர முடி நரைத்திருந்தது. முப்பத்தேழு வயதுதான் அவனுக்கு.

"தோன் லிசாந்த்ரோ. சௌக்கியமா? சாமுவேலுக்கு ஒண்ணும் இல்லையே?"

நான் நின்றுகொண்டே சொன்னேன். தாளில் இருந்ததைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை மேஜையில் நான் சொன்னது பொய் என்று சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவன் பின்னால் ஏதோ ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி" என்றான்.

"சரின்னா?"

"சரிதான். இப்ப நான் என்ன செய்யணும்?"

"திரும்பி வா. இது உன் வீடு."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நீங்க அன்னைக்கிச் சொன்னதுக்கு அடுத்த மாசம் நான் ஆஸ்பத்திரிக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். இனிமே பிள்ள பொறக்காம இருக்க. மரியேலாகிட்டகூடச் சொல்லல. இங்க ஒருத்தி இருந்தா. நல்லவ. குழந்த வேணும்னு கேட்டா. என் ரத்தம் கெட்டதுன்னு சொன்னேன். போயிட்டா."

"யேய்சன்..."

"இருங்க, சொல்லிடுறேன். சாமுவேல ஏன் பாக்க வரலன்னு அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க. நான் தொட்டா அவனுக்கு இன்னும் கூடிடும்னு நெனச்சேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனா ஒரு நோட்டரி சொன்னா எங்க பேட்டையில யாரு சந்தேகப்படுவா? இப்ப அவனுக்குப் பன்னண்டு வயசு. நான் யாருன்னு அவனுக்கு என்ன சொல்லுவீங்க? அந்தத் தாளக் காட்டுவீங்களா?"

மரியேலா என் கையிலிருந்து அலைபேசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அரைமணி நேரம் கழித்து வந்து, "வரலையாம்" என்று மட்டும் சொன்னாள்.

என் கையில் மிச்சமிருந்தது ஒன்றுதான். பழியை எங்கே சுமத்தினேனோ அங்கேயே அதை இறக்க வேண்டும். அடுத்த வியாழக்கிழமை கறுப்புக் கோட்டு அணிந்து மண்டபத்துக்குப் போனேன். என் மனைவி லியோனோரின் அடக்கத்துக்குப் பிறகு அதை நான் போட்டதில்லை. மரியேலாவும் எர்மின்தாவும் வந்திருந்தார்கள். லிசெத்தும் வந்திருந்தாள், ஆராய்ச்சி தொடர்வதானால் அதில் பிள்ளைகளின் பக்கம் பேச இரண்டு இடம் தங்களுக்கு வேண்டும் என்று டாக்டரோடு வாதாடிக்கொண்டிருந்தாள். சாமுவேல் சுவரோரம் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் குவளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து நின்றேன்.

"சாமுவேல் இப்படிப் பிறந்ததுக்கு யேய்சன் காரணம்னு எட்டு வருஷமா இந்த ஊர்ல சொன்னேன். அது பொய். குத்தம் என்னோடது. என் ரத்தத்தோடது. தோன்யா எர்மின்தா, உங்ககிட்டயும் உங்க மகன்கிட்டயும் எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்குறேன்."

அவளைத் தோன்யா என்று மரியாதை கொடுத்து அழைத்தது அதுவே முதல் தடவை. பெண்கள் சிலர் அழுதார்கள். மிர்யாம் எழுந்து கை தட்டினாள். நான் நிமிர்ந்து நின்றேன். ஒரு மனிதன் தன் பெயரை இழந்தாலும் மரியாதையோடு இழக்கலாம் என்று அந்த ஒரு நிமிடம் எனக்குத் தோன்றியது.

லிசெத் எழுந்தாள்.

"குத்தம் யாரோடதுன்னு மாத்திட்டீங்க. குத்தம் எதுன்னு மாத்தல" என்றாள். "நீங்க பேசுற குத்தம் அதோ உக்காந்திருக்கான். கேட்டுக்கிட்டிருக்கான்."

"அவனுக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றேன்.

"எனக்கு நாலு வயசு வரைக்கும் பேச்சு வரல. எங்க அம்மா அத்தைகிட்ட ஃபோன்ல என்னப்பத்தி அழுதது ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். பேச்சு வரலன்னா காது இல்லன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

சாமுவேல் குவளைகளை அடுக்குவதை நிறுத்தியிருந்தான். எழுந்தான். இரண்டு கைகளையும் நான் வைத்திருந்ததுபோலக் கோட்டுப் பொத்தான் இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டான். என் குரலில், என் நிறுத்தங்களோடு, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான்:

"குத்தம் என்னோடது. என் ரத்தத்தோடது."

யாரோ ஒருவர் பழக்கத்தில் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"குத்தம் என்னோடது" என்றான் மறுபடியும். மரியேலா ஓடிப்போய் அவனைப் பிடித்தாள். அவன் திமிறிக்கொண்டு அதையே சொன்னான். பிறகு அவன் வாயிலிருந்து இன்னொன்று வந்தது. "உன் வீட்டு ரத்தத்தை இன்னொரு தடவ என் வீட்டுக்குள்ள கொண்டுவராதே. ஒண்ணு போதும்." அதுவும் என் குரல்தான். ஆனால் எட்டு வருடத்துக்கு முந்திய, நடுக்கமில்லாத குரல். "ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டுத் தன் கையைக் கடித்தான். ரத்தம் வரும்வரை விடவில்லை.

நான் டாக்டர் ஓஸ்பினாவிடம் போய்க் கேட்டேன்: "சொல்லுங்க. சும்மா திருப்பிச் சொல்றானா? இல்ல தெரிஞ்சு சொல்றானா?"

"தெரியல, தோன் லிசாந்த்ரோ" என்றார். "நெஜமாவே தெரியல."

லிசெத்திடம் கேட்கத் திரும்பினேன். அவள் சாமுவேலிடமிருந்து நான்கடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, அவனைத் தொடாமல், பார்க்காமல், தன் காதுக்கவசத்தைக் கழற்றி அவன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை மரியேலா இரண்டு பெட்டிகளோடு ஆற்றங்கரைப் பேட்டைக்குப் போனாள், எர்மின்தாவின் வீட்டுக்கு. என்னோடு சண்டை போடவில்லை. மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, சமையற்காரி எந்த நாளில் வர மாட்டாள் என்று எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"யேய்சன் வருவான்னு காத்திருக்கப்போறியா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. அவர் வர மாட்டார். சாமுவேலோட காதுக்கு வேற பேச்சு வேணும். அதுக்குத்தான்."

"ஞாயிற்றுக்கிழமை நான் வரலாமா?"

அவள் பெட்டியின் பிடியை மாற்றிப் பிடித்தாள்.

"வாங்க" என்றாள். "ஆனா பேசாதீங்க."

போகிறேன். எர்மின்தா நல்ல நாற்காலியை எடுத்துப் போடுகிறாள், லுலோ பழச்சாறு தருகிறாள், "உட்காருங்க தோன் லிசாந்த்ரோ" என்கிறாள். அந்த மரியாதையில் எந்தக் குறையும் இல்லை. சாமுவேல் வாசலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறான், முதுகை என் பக்கம் காட்டியபடி. அவன் என்ன சொல்கிறான் என்று கேட்க நான் முன்னால் சாய்கிறேன். நான் இருக்கும்போது அவன் எதுவும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. இருட்டுவதற்கு முன் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.